உம்மம்மாவின் துஆவில் விடுபட்ட பெயர்



கேமராவில் எடுத்த ஹெச்டி வீடியோவைக் கணினியில் எடிட் செய்வதற்கு ஏற்றவாறு மாற்ற எந்த மென்பொருள் நல்லது என்று உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அவ்வப்போது கேட்பதுண்டு. நிக்காஹ் மஜ்லிஸ், மதரஸா ஆண்டு விழா, ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் பெற்றோர் பேசியது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று பழைய ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிறது. ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லிவிட்டால் கேட்டவர் மகிழ்ச்சியோடு போய்விடுவார். ஆயினும் அந்த ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்பதில் நான் காட்டிய அலட்சியம் எங்கள் குடும்பத்தில் ஒருத்தியை ஆறு ஆண்டுகள் மனம் வருந்த வைத்தது. ஆகவே அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டு, பிறகு மென்பொருளுக்கு வருகிறேன்.

2011ஆம் ஆண்டு, துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மாமா உள்ளங்கையில் அடங்கும் ஹெச்டி கேம்கோடர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் உம்மம்மாவுக்கு அப்போது எண்பது வயது. பார்வை மங்கியிருந்தாலும் நினைவு மங்கவில்லை. அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று நான் வெகுநாளாக ஆசைப்பட்டிருந்தேன். கேமராவைக் கண்டதும் அவர்கள் முக்காட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். "பேரப்பிள்ளைங்க பாக்குறதுக்குன்னா எடு. வெளி ஆம்பளைங்க கண்ணுல இது படக் கூடாது. கடையிலயும் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது" என்றார்கள். நான் ஒப்புக்கொண்டேன். அந்தப் பதிவு அன்றிலிருந்து என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆயிற்று.

எழுபத்தைந்து நிமிடம் இடைவிடாமல் பேசினார்கள். போட் மெயிலில் தனுஷ்கோடிவரை போய், அங்கிருந்து கப்பலேறிக் கொழும்புக்குச் சென்ற கணவரைப் பற்றிச் சொன்னார்கள். அவர் அங்கிருந்து அரபுத் தமிழில் எழுதி அனுப்பிய கடிதங்களைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு கடிதத்தை நினைவிலிருந்தே வரிவரியாகச் சொன்னார்கள். முடிவில் கையேந்தி, பதினொரு பேரப்பிள்ளைகளின் பெயரையும் வயது வரிசைப்படி சொல்லித் துஆக் கேட்டார்கள். உம்மா பக்கத்தில் அமர்ந்து ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை அன்று ஊரில் இல்லை.

மாமாவின் விடுமுறை முடியுமுன் மெமரி கார்டிலிருந்த கோப்புகளை என் கணினியில் நகலெடுத்தேன். கார்டின் உள்ளே அடுக்கடுக்காகப் பல கோப்புறைகள் இருந்தன. எனக்குத் தேவையானவை கடைசி அடுக்கில் இருந்த எம்டிஎஸ் என்று முடியும் மூன்று பெரிய கோப்புகள்தாம் என்று கருதி அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கார்டு அழிக்கப்பட்டது. கேமரா துபாய்க்குத் திரும்பியது.

அந்தக் கோப்புகளை என் கணினியால் ஓட்ட முடியவில்லை. படம் திக்கித் திக்கி நகர்ந்தது. எடிட்டிங் மென்பொருளில் போட்டால் கணினியே உறைந்துபோயிற்று. அதன் காரணத்தை அப்போது நான் அறியவில்லை. அந்தக் கேமரா ஏவிசிஹெச்டி என்ற முறையில் பதிவு செய்வது. 2006ஆம் ஆண்டு சோனி, பானசோனிக் நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த முறை அது. படத்தை ஹெச்.264 என்ற கோடெக்கில் மிகவும் சுருக்கி வைக்கும். நொடிக்கு 25 ஃப்ரேம்கள் என்றால் அவற்றில் ஓரிரண்டை மட்டும் முழுமையாகச் சேமிக்கும். மற்றவற்றில், முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களிலிருந்து எது மாறியிருக்கிறது என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். சிறிய கார்டில் நீண்ட நேரம் பதிவு செய்ய இது அருமையான ஏற்பாடு. எடிட் செய்பவருக்கோ இது பெரும் சுமை. நடுவில் ஒரு ஃப்ரேமைக் காட்டச் சொன்னால், கணினி சற்று முன்னே போய் ஒரு முழு ஃப்ரேமைத் தேடி, அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வரவேண்டும். அன்றைய என் கணினிக்கு அந்த வலு இல்லை.

2013இல் உம்மம்மா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சில வாரங்கள் கழித்துக் குடும்பத்தார் கூடியபோது அந்தப் பதிவைக் காட்ட வேண்டும் என்று எல்லோரும் விரும்பினார்கள். அவசரம். நண்பர் ஒருவர் பென்டிரைவில் ஒரு கன்வெர்ட்டர் கொடுத்தார். விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் அது. பூட்டை உடைத்துப் பயன்படுத்தும் வழியும் கூடவே ஒரு குறிப்பாக எழுதப்பட்டிருந்தது. நம் ஊர்களில் கணினி வாங்கினால் அதனோடு இத்தகைய மென்பொருள்களும் இலவச இணைப்பாக வந்துவிடுவது வழக்கமாகையால், எனக்கு அதில் எந்த உறுத்தலும் ஏற்படவில்லை. மூன்று கோப்புகளையும் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினேன். மூன்று எம்பி4 கோப்புகள் வந்தன. வரிசையாக ஒட்டிப் போட்டுக் காட்டினேன்.

உம்மம்மா கையசைத்துப் பேசும்போதெல்லாம் விரல்களின் ஓரத்தில் சீப்பின் பற்களைப் போலக் கோடுகள் தெரிந்தன. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. குரலைக் கேட்டே பலர் அழுதுகொண்டிருந்தார்கள். துஆ வந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆறாவது பேரனின் பெயருக்குப் பின் ஒரு சிறு குலுக்கல். அடுத்து எட்டாவது பெயர். ஏழாவது என் தங்கை. அவள் பெயர் வரவில்லை.

உம்மம்மாவின் கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர்களைக் குளிப்பாட்டியதும், மருந்து கொடுத்ததும், இரவில் கூடப் படுத்ததும் அவள்தான். அவள் லேசாகச் சிரித்து, "வயசாயிடுச்சுல்ல, மறந்திருப்பாங்க" என்றாள். உம்மா உடனே, "இல்லை, சொன்னாங்க. நான் பக்கத்துலதானே இருந்தேன், என் காதால கேட்டேன்" என்றார்கள். மகளுக்கு ஆறுதலாகச் சொல்கிறார்கள் என்றே நானும் தங்கையும் நினைத்தோம். அதன்பின் அந்தப் பதிவைப் பார்க்க அவள் ஒருமுறையும் கேட்கவில்லை.

2019 ரமளானுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே அப்பாவின் கொழும்புக் கடிதங்கள் இருந்தன. எங்கள் தலைமுறையில் அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. உம்மா மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். கடிதங்களைப் பற்றி உம்மம்மா பேசிய பகுதியைத் தனியே வெட்டி, கடிதங்களின் படங்களையும் சேர்த்து ஒரு சிறு தொகுப்பாகச் செய்துதரும்படி கேட்டார்கள். பெருநாளைக்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பழைய எம்பி4 கோப்புகளைத் திறந்தபோது அவற்றின் தரம் என்னை வெட்கப்படச் செய்தது. அவற்றையே மறுபடி வெட்டி, மறுபடி சுருக்கினால் இன்னும் மோசமாகும். நல்லவேளையாக மூல எம்டிஎஸ் கோப்புகளை நான் அழித்திருக்கவில்லை. இடம் போதவில்லை என்று இருமுறை அழிக்கப் போய், ஏதோ நினைத்து விட்டுவிட்டிருந்தேன். அல்ஹம்துலில்லாஹ். மீண்டும் மாற்றுவோம் என்று பழைய கன்வெர்ட்டரைப் புதுக் கணினியில் நிறுவ முயன்றேன். குறிப்பில் சொல்லியிருந்தபடி ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் பதிவு எண்ணை ஒட்டிக்கொண்டிருந்தபோது உம்மா தேநீர் கொண்டுவந்தார்கள்.

"இது என்ன நம்பரு?"

விளக்கினேன்.

"அப்ப இது காசு கொடுத்து வாங்குனது இல்லையா?"

"ஒரு நண்பர் கொடுத்தாரு உம்மா."

"அவரு வாங்குனாரா?"

நான் பதில் சொல்லவில்லை. "எங்க உம்மா துஆக் கேட்டதை இதுல போட வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆலிம்களிடம் கேட்டு அறிய வேண்டியதை அவர்களிடமே கேட்க வேண்டும். இருப்பினும், பக்கத்து வீட்டுக் கிணற்றில் கேட்காமல் நீர் இறைக்கத் தயங்கும் நாம், யாரோ பல மாதங்கள் உழைத்து எழுதிய ஒன்றின் பூட்டை உடைப்பதற்கு ஏன் தயங்குவதில்லை என்ற கேள்வி அன்று முதன்முறையாக எனக்குள் எழுந்தது. கன்வெர்ட்டரை நீக்கினேன். பிறகு தாளை எடுத்து மூன்று நிபந்தனைகளை எழுதிக்கொண்டேன். பதிவு வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. மென்பொருள் நமக்கு உரிமையுள்ளதாக இருக்க வேண்டும். மூலத்தில் உள்ள எதுவும் குறையக் கூடாது.

முதல் நிபந்தனையிலேயே இருவழிகள் அடைபட்டன. இணையத்தில் கோப்பை ஏற்றினால் மாற்றித்தரும் தளங்கள் பல உண்டு. ஒன்றும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் ஏற்றிய கோப்பு யாருடைய கணினியில் போய் அமர்கிறது, எத்தனை நாள் அங்கே இருக்கிறது என்பது நம் கையில் இல்லை. உம்மம்மாவின் நிபந்தனைக்கு அது நேர் எதிர். ஸ்டுடியோவில் கொடுப்பதும் அவ்வாறே. நம் வீட்டுப் பெண்கள் இருக்கும் எந்தப் பதிவுக்கும் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது நிபந்தனை நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. எழுதியவர்களே மனமுவந்து பொதுவில் விட்ட மென்பொருள்கள் இத்துறையில் ஏராளம். எஃப்எஃப்எம்பெக் என்பது 2000ஆம் ஆண்டு ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் தொடங்கியது. இன்று உலகெங்கும் எத்தனையோ மென்பொருள்கள் உள்ளுக்குள் இதையே இயந்திரமாகக் கொண்டு ஓடுகின்றன. பயன்படுத்தவும், பிறருக்குக் கொடுக்கவும், திருத்தவும் அதன் உரிமம் வெளிப்படையாக அனுமதிக்கிறது. பூட்டே இல்லாத பொருள் கையெட்டும் தூரத்தில் இருக்க, நான் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது நிபந்தனைதான் உண்மையான படிப்பு. இங்கே எனக்கு உதவியது அப்பாவின் கடிதங்கள். அரபுத் தமிழ் என்பது தமிழே. எழுத்து மட்டும் அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் கூடுதல் குறிகள் உண்டு. அந்தக் கடிதத்தை ஒருவர் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதினால் அப்பா சொன்ன சொல் ஒன்றும் மாறாது. அதையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஆங்கிலத்திலிருந்து மீண்டும் தமிழுக்குக் கொண்டுவந்தால் கருத்து இருக்கும், அப்பாவின் பேச்சு இருக்காது. வீடியோவும் ஏறக்குறைய இப்படித்தான். எம்டிஎஸ், எம்பி4, எம்ஓவி என்பவை படமும் ஒலியும் பொதிந்திருக்கும் உறைகள். ஹெச்.264 போன்றவை உள்ளே இருக்கும் மொழி. உறையை மட்டும் மாற்றினால் ஒரு புள்ளியும் குறையாது. சில நிமிடங்களில் முடிந்தும்விடும். மொழியையே மாற்றும்போதுதான் இழப்பு நேர்கிறது. பல கன்வெர்ட்டர்கள் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாமல் ஒரே பொத்தானில் மறைத்துவிடுகின்றன. என் பழைய கன்வெர்ட்டரும் அப்படித்தான் மூலத்தை இன்னும் சிறிதாகச் சுருக்கியிருந்தது.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளையும் சோதித்தேன். நல்ல கருவி. முடிந்த படத்தைச் சுருக்கி உறவினர்களுக்கு அனுப்புவதற்கு இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். எனினும் அது கடைசிக் கட்டத்துக்கானது. சுருக்கித் தருவதே அதன் வேலை; எடிட் செய்ய வேண்டியவருக்குச் சுருக்கத்தைத் தளர்த்தித் தரும் கருவி தேவை.

தளர்த்தித் தருவதற்கென்றே தனிக் கோடெக்குகள் உள்ளன. ஆப்பிள் நிறுவனத்தின் ப்ரோரெஸ், ஆவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்ஹெச்டி இரண்டும் பெயர்பெற்றவை. இவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் தன்னளவில் முழுமையானது. எங்கே வெட்டினாலும் கணினி தடுமாறாது. அதற்குரிய விலை இடம். எங்கள் பதிவின் மூலக் கோப்புகள் மூன்றும் சேர்ந்து ஒன்பதரை ஜிபி. நொடிக்கு 120 மெகாபிட் அளவிலான டிஎன்எக்ஸ்ஹெச்டியில் அதே எழுபத்தைந்து நிமிடம் ஏறக்குறைய 68 ஜிபி ஆகும். அளவு ஏழு மடங்காவதால் தரம் ஏழு மடங்கு கூடிவிடாது. மூலத்தில் இல்லாத எதையும் எந்த மாற்றியும் கொண்டுவர முடியாது. இருப்பது கண்ணுக்குத் தெரியும்படி குறையாமல் இருந்தால் போதும்.

சீப்புப் பல் கோடுகளுக்கும் காரணம் தெரிந்தது. அந்தக் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாக, நொடிக்கு ஐம்பது பாதிகள் என்ற கணக்கில் பதிவு செய்கிறது. இரு பாதிகளுக்கும் இடையே கை சற்று நகர்ந்துவிடும். இதை அறியாமல் ஒன்றாக ஒட்டிச் சுருக்கினால் கோடுகள் நிரந்தரமாகப் படிந்துவிடும். எடிட் முடியும்வரை பாதிகளை அப்படியே காத்துவைத்து, இறுதியில் முறையாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

எஃப்எஃப்எம்பெக்கைக் கட்டளை தட்டித்தான் இயக்க வேண்டும். அதைக் கற்கும் வழியில்தான் அந்த மூன்று கோப்புகளின் உண்மை தெரிந்தது. கார்டின் கோப்பு முறையில் ஒரு கோப்பு நான்கு ஜிபியைத் தாண்ட முடியாது. ஆகவே கேமரா அந்த எல்லையை எட்டியதும் பதிவை நிறுத்தாமலேயே ஓடுகிற ஓட்டத்தில் அடுத்த கோப்பைத் தொடங்கிவிடுகிறது. அவை மூன்று படங்கள் அல்ல. இடையறாத ஒரே ஓட்டத்தின் மூன்று துண்டுகள். இது இதன் தொடர்ச்சி என்று சொல்லும் குறிப்புகள், நான் வேண்டாம் என்று விட்டுவிட்ட மற்றக் கோப்புறைகளில் இருந்தன. துண்டுகளைத் தனித்தனியே மாற்றக் கொடுத்தால், இரண்டாம் துண்டின் தொடக்கத்தில் ஒரு முழு ஃப்ரேம் வரும்வரை உள்ளதை மென்பொருள் விட்டுவிடக்கூடும். அரை விநாடி போய்விடும். ஒரு பெயரைச் சொல்ல அரை விநாடி போதும்.

இதைப் படித்தபோதும் எனக்குத் தங்கையின் நினைவு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாற்றுமுன் மூன்றையும் வரிசையாக முனையோடு முனை இணைத்தேன். எம்டிஎஸ்ஸின் உள்ளமைப்பு ஒளிபரப்புக்கென உருவானது. ஆகையால் துண்டுகளை அப்படியே அடுத்தடுத்துச் சேர்க்க அது இடம் தருகிறது. இணைத்த கோப்பை டிஎன்எக்ஸ்ஹெச்டிக்கும், ஒலியைச் சுருக்கமற்ற பிசிஎம்முக்கும் மாற்றினேன். மூலத்தையும் மாற்றியதையும் மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் திறந்து நேர அளவை ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. பிறகு இணைப்பு விழுந்த இரண்டு இடங்களையும் காதால் சோதித்தேன். இரண்டாவது இணைப்பு அறுபத்தேழாவது நிமிடத்தில் இருந்தது.

துஆவின் நடுவில். ஆறாவது பெயர். பிறகு என் தங்கையின் பெயர். உம்மம்மா அவளை வீட்டில் அழைக்கும் செல்லப் பெயராகச் சொல்லாமல், பிறந்தபோது காதில் ஓதி வைத்த முழுப் பெயரையே சொல்லியிருந்தார்கள். (அந்தப் பெயரை இங்கே எழுத அவள் சம்மதிக்கவில்லை.) பின்னணியில் உம்மாவின் ஆமீனும் கேட்டது.

முதலில் உம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. பெற்ற தாய் தன் காதால் கேட்டேன் என்று சொன்னதை விட்டுவிட்டு, உடைத்த பூட்டுக்குள்ளிருந்து வந்த ஒரு கோப்பை ஆறு ஆண்டுகள் நான் நம்பியிருந்தேன். அதற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பெருநாளுக்குத் தங்கை வந்திருந்தாள். பெண்கள் பகுதியில் கணினியை வைத்து, அந்த இடத்தை மட்டும் ஓட்டிக் காட்டினேன். அவள் அசையாமல் கேட்டாள். "காக்கா, இன்னொரு தடவை போடுங்க" என்றாள். போட்டேன். மூன்றாம் முறை அவளே பொத்தானை அழுத்தினாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இனி, எந்த மென்பொருள் என்று கேட்போருக்கு நான் சொல்வது இதுதான். முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். இன்றைய எடிட்டிங் மென்பொருள்கள் பலவும் எம்டிஎஸ்ஸை நேராகவே ஏற்கின்றன. கணினி திணறினால், இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ் போன்றவற்றில் ப்ராக்ஸி என்ற வசதி உண்டு. எடிட் செய்யும்போது மட்டும் எடை குறைந்த நகலைக் காட்டிவிட்டு, இறுதியில் மூலத்திலிருந்தே படத்தை உருவாக்கித் தரும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் எஃப்எஃப்எம்பெக். கட்டளை தட்டத் தயங்குவோர் அதையே உள்ளே கொண்டு பொத்தான்களோடு வரும் ஷட்டர் என்கோடரைப் பயன்படுத்தலாம். உறையை மட்டும் மாற்றுவது, டிஎன்எக்ஸ்ஹெச்டி, ப்ரோரெஸ் மூன்றும் அதில் தனித்தனியே இருக்கின்றன. கார்டிலிருந்து நகலெடுக்கும்போது முழுக் கோப்புறையையும் எடுங்கள். துண்டுகளை மாற்றுவதற்கு முன்பே இணையுங்கள். மாற்றியபின் நேரத்தை ஒப்பிட்டு, இணைப்புகளைக் காதால் கேளுங்கள். எவ்வளவு நன்றாக மாற்றியிருந்தாலும் மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். இப்போது எங்கள் மூலக் கோப்புகள் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கின்றன. ஒன்று என்னிடம், மற்றொன்று தங்கையிடம்.

உம்மம்மாவின் முகத்தை வெளியார் எவரும் இன்றுவரை பார்த்ததில்லை. இன்ஷா அல்லாஹ், இனியும் அப்படியே இருக்கும். அந்த மர்ஹூமாவின் மறுமை வாழ்வுக்காக ஒருமுறை துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.